நெடுந்தீவின் ஏடில்லாக் குதிரைகள்

கல்முனையையும் அதனையடுத்த சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை முதலிய ஊர்களையும் அறிந்த நேயர்கள், அங்குள்ள பட்டிக்காரர்கள் கைக்கொள்ளும் குறிசுடுதல் என்னும் வழக்கத்தையும் அறிவார்கள். கன்று சிறிது வளர்ந்ததும் அதனைக் கட்டி வீழ்த்தி, பழுக்கக் காய்ச்சிய இரும்பினால் உடையவனது எழுத்தையோ அடையாளத்தையோ அதன் தோலிலே பொறித்துவிடுவார்கள். வேளாண்மைக் காலத்திலே மாடுகள் வயல்வெளியினின்றும் அகற்றப்பட்டுத் தொலைவிலுள்ள மேய்ச்சற்றரைகளுக்குக் கொண்டு செல்லப்படும். அங்கே பல பட்டிகள் கலந்து மேயும். பின்னர் அவற்றைப் பிரிக்கும் நாளில், இது யாருடைய மாடு என்ற வினாவுக்கு விடை கூறுவது அந்தக் குறியே. பள்ளிக்கூடத்து வாயிலை மிதியாத பட்டிக்காரனும் அயலவர் குறிகளுள் பத்துப் பதினைந்தைத் தடையின்றிப் படித்துவிடுவான்.

இதே கரையில் மனிதருக்கும் ஓர் அடையாளம் உண்டு. முஸ்லிம்களாயினும் தமிழராயினும் இப்பகுதியார் குடி என்னும் பிரிவினைத் தாய்வழியாகவே கணக்கிடுவர். தாயின் குடி எதுவோ அதுவே பிள்ளையின் குடியுமாகும். பள்ளிவாசலிலே மரைக்கார்மார் தத்தம் குடியின் சார்பாக அமர்வதும், கலியாணப் பேச்செடுக்கும்போது முதலிலே குடி விசாரிப்பதும் இங்கு நெடுங்காலமாக நிலவிவந்த வழக்கங்கள். இந்தக் கணக்கு பெரும்பாலும் மூத்தோர் நினைவிலேயே நிலைத்து வந்திருக்கின்றது.

யாருடையது என்பதைக் குறி சொல்லும். யார் வயிற்றிற் பிறந்தது என்பதைக் குடி சொல்லும். இவ்விரண்டு செய்திகளையும் ஒரே ஏட்டில் எழுதி, அந்த ஏட்டைக் காப்பதற்கென்று பலர் கூடி அமைக்கும் சபைக்கே கால்நடை வளர்ப்போர் இனவளர்ப்புச் சங்கம் என்று பெயரிட்டிருக்கின்றனர். சங்கம் என்றதும் கிண்ணங்களும் பரிசளிப்பு விழாக்களும் நினைவுக்கு வரலாம். அவை பின்னாற் சேர்ந்த அணிகலன்கள். அடிப்படையானது ஏடு ஒன்றே. அரேபியப் பாலைநிலத்து நாடோடி மக்கள் எழுத்தின் துணையின்றியே தம் குதிரைகளின் வழியை நினைவிற் காத்தனர். அதனையும் அவர்கள் தாய்க்குதிரையைக் கொண்டே எண்ணினர் என்பது கல்முனைக் கரையினர் கேட்டுப் புன்னகை செய்யத்தக்க செய்தியாகும்.

இத்தகைய ஏடு ஒன்று இலங்கையிலும் ஒரு குதிரைக் கூட்டத்துக்காக எழுதப்பட்டிருத்தல் வேண்டும். அக்கூட்டம் கல்முனைக்கு நெடுந்தொலைவில், நாட்டின் வடமேற்கு எல்லையில், நெடுந்தீவிலே வாழ்ந்து வருகின்றது.

நெடுந்தீவு யாழ்ப்பாணத்தைச் சார்ந்த தீவுகளுள் மிகத் தொலைவிலுள்ளது. குறிகட்டுவான் துறையிலிருந்து படகேறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அதனை அடையலாம். பரப்பு சுமார் 50 சதுர கிலோமீற்றர். பனைகள் ஓங்கிய தட்டை நிலம். வளவுகளைச் சுற்றிலும் முருகைக்கற்களைச் சாந்தின்றி அடுக்கிய மதில்கள். ஒரு கோட்டையின் இடிபாடு. ஆபிரிக்காவிலிருந்து வந்த பெருக்கமரம் ஒன்று. தீவின் தென்பகுதியிலே மரங்கள் அருகி, புல்வெளி கடல்வரை விரிந்து கிடக்கின்றது. அங்கேதான் மட்டக்குதிரைகள் கூட்டங் கூட்டமாக மேய்கின்றன. தோள் உயரம் 148 சென்ரிமீற்றரைத் தாண்டாதவற்றை மட்டக்குதிரை என்பது இன்றைய உலக வழக்கு. நெடுந்தீவுக் குதிரைகள் அவ்வளவுக்கு மிகவும் உட்பட்டவையே. செம்மையும் கபிலமும் கருமையும் கலந்த நிறத்தின. இறுகிய உடலும் உறுதியான குளம்பும் உடையன. கட்டுத்தறியும் கொள்ளும் அறியாதன.

இவை எவ்வாறு இங்கு வந்தன என்பதை அறிவதற்குமுன், தமிழ்நிலத்துக்கும் குதிரைக்கும் இருந்த பழைய உறவைச் சிறிது எண்ணிப் பார்த்தல் தகும். தமிழ்நிலம் குதிரையை விலை கொடுத்து வாங்கிய நிலமேயன்றி, வளர்த்துப் பெருக்கிய நிலமன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையிலே கடல்வழியாகக் குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை குறிக்கின்றது. மாணிக்கவாசகர் பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பொன்னோடு புறப்பட்ட கதையைச் சிறுவரும் அறிவர். 13 ஆம் நூற்றாண்டின் இறுதியிலே பாண்டி நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ஓர்முஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் பெருவிலைக்கு வந்திறங்கியதையும், அவற்றுட் பெரும்பாலானவை பராமரிப்பறியாதார் கையிலே விரைவில் மாண்டதையும் எழுதி வைத்தார். வெப்பமும் ஈரமும் ஒவ்வாத தீனியும் சேர்ந்து குதிரையை அழித்தன, அரசன் மீண்டும் வாங்கினான், வணிகன் செழித்தான். இராவுத்தர் என்னும் பெயர் குதிரையோடு தொடர்புற்றதும் இவ்வணிகத்தின் வழியாகவே.

இப்பின்னணியிலே நோக்கும்போதுதான் நெடுந்தீவின் அருமை விளங்கும். ஏனைய இடங்களில் ஒரு தலைமுறைகூடத் தாங்காத விலங்கு, இந்த ஒரு தீவிலே மூன்றரை நூற்றாண்டாக ஈன்று பெருகி நிலைத்திருக்கின்றது. தீனி வைத்தவர் இலர், மருந்திட்டவர் இலர். வெயிலைத் தாங்காத குட்டியும், உவர்நீரை ஏற்காத குட்டியும் மடிந்தொழிய, தாங்கியவை மட்டும் அடுத்த தலைமுறையைப் பெற்றன. அந்த உடலிலே ஒரு தேர்வு நடந்து முடிந்திருக்கின்றது. எந்தப் பண்ணையாளனும் பணங்கொடுத்து அதனைத் திரும்ப நடத்துவித்தல் இயலாது.

குதிரைகளை முதலில் கொணர்ந்தவர் போர்த்துக்கேயர் என்பது பொதுவாகக் கூறப்படுவது. 1619 ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய அவர்கள், நெடுந்தீவைப் பசுத்தீவு என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைக்கொண்ட ஒல்லாந்தர், தம் நாட்டு நகரமாகிய டெல்ஃப்ற் என்பதன் பெயரைத் தீவுக்குச் சூட்டினர். குதிரை வளர்ப்பை ஒழுங்கான அரச தொழிலாக்கியவர்களும் அவர்களே. அவர்களுடைய கொம்பனிக்குக் குதிரைப்படை வேண்டியிருந்தது. நெடுந்தீவும், இரணைதீவு எனப்படும் இரட்டைத் தீவுகளும் அதற்குரிய பண்ணைகளாயின. 1697 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துத் தலைமை அதிகாரியாக இருந்த ஹென்றிக் ஸ்வார்தெக்ரோன், தமக்குப்பின் வருவோர்க்கென எழுதிய நீண்ட நினைவுக் குறிப்பிலே, நெல், புகையிலை, யானை முதலியவற்றோடு தீவுகளின் குதிரைகளையும் மறவாது சேர்த்திருக்கின்றார்.

தீவைத் தெரிந்தெடுத்த மதியைப் பாராட்டத்தான் வேண்டும். கடலே வேலி, காவலனுக்குச் சம்பளமில்லை. திருடன் வந்தாலும் குதிரையைப் படகேற்றிக் கொண்டுபோதல் எளிதன்று. வடகீழ்ப் பருவமழை முடிந்ததும் புல் செழிக்கும். குதிரைகளைத் திறந்த வெளியிலே திரியவிட்டு, தேவைப்பட்டபோது ஆட்களைத் திரட்டி வேலியடைப்பொன்றினுள்ளே துரத்தி, கயிறெறிந்து பிடித்தனர். வன்னியிலே யானை பிடித்த முறையின் சிறிய வடிவம் என்று அதனைக் கூறலாம். இன்றும் தீவிலே குதிரை லாயம் என்று காட்டப்படும் இடத்தில் முருகைக்கற்றூண்கள் வரிசையாக நிற்கின்றன. கூரை போய்விட்டது, தூண்கள் மட்டும் எஞ்சின.

ஆங்கிலேயர் 1795 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின்பும் பண்ணை நடந்தது. 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியிலே நோலன் என்னும் படையதிகாரி தீவிலிருந்தே அதனை மேற்பார்த்தார். எனினும், அரசின் நாட்டம் நாளடைவிற் குறைந்தது. பெரிய குதிரைகளைக் கப்பலில் வருவித்தல் எளிதாயிற்று. பின்னர்த் தெருக்களும் புகைவண்டியும் மோட்டார் வண்டியும் வந்தன. பண்ணை கைவிடப்பட்டது. குதிரைகளை விற்று முடிக்கவுமில்லை, ஒருவரிடம் ஒப்படைக்கவுமில்லை. அவை அங்கேயே விடப்பட்டன. உடையவனுக்கு வேண்டாததாகிய பொருளை ஊரார் எடுத்துக்கொள்வர். உயிருள்ள பொருளோ தன்னைத்தானே வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் குதிரைகளைப் பற்றி எழுதினார்களே, அது ஏடாகாதா என்று நேயர் வினவக்கூடும். அவர்கள் எழுதியது கையிருப்புக் கணக்கு. எத்தனை தலை, எத்தனை படைக்கு உகந்தவை, எவ்வளவு செலவு என்பனவே அதிற் காணப்படுவன. எந்தப் பெட்டைக்கு எந்தக் குட்டி பிறந்தது என்பது கொம்பனிக்கு வேண்டாத செய்தி. ஆகவே, கொம்பனி போனபோது கணக்கும் உடன் போயிற்று.

புதிதாக விடுதலை பெற்ற வேறொரு நாட்டில் இத்தகைய நிலையிலே நடந்ததை இங்கே சற்று விரிவாகக் காணுதல் பயனுடைத்து. அயர்லாந்தின் மேற்குக் கரையிலே கொனமாரா என்றொரு பகுதி உண்டு. பாறையும் சதுப்பும் நிறைந்த வறிய நிலம். அங்குள்ள குடியானவர்கள் சிறுகுதிரை வைத்திருந்தனர். கடற்பாசியையும் கரிமண் கட்டிகளையும் இருபுறமும் கூடைகளிலே சுமப்பதும், ஏர் இழுப்பதும், ஞாயிறுதோறும் குடும்பத்தைக் கோயிலுக்குக் கொண்டு செல்வதும் அதன் வேலை. ஆங்கில ஆட்சிக் காலத்து அதிகாரிகள் இக்குதிரையைத் திருத்தப் போவதாகக் கூறி, 1890களில் ஹாக்னி என்னும் பெரிய வண்டிக்குதிரைகளைக் கொணர்ந்து கலப்புச் செய்தனர். பிறந்த குட்டிகள் பார்வைக்கு அழகாயிருந்தனவாம். பாறை நிலத்தின் கடுமையைத் தாங்கவில்லை. 1900 ஆம் ஆண்டிலே எடின்பரோ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கோசார் யூவார்ட் அப்பகுதியை ஆராய்ந்து, பழைய சிறுகுதிரையின் வலிமையையும் தாங்கும் ஆற்றலையும் புகழ்ந்து, அதனைக் காக்கவேண்டுமென அறிக்கை எழுதினார். அறிக்கை எழுதப்பட்டது, இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதனாற் பெரிய பயன் விளையவில்லை. அறிக்கைகளின் இயல்பு எந்நாட்டிலும் ஏறக்குறைய ஒன்றே.

1922 இன் இறுதியில் அயர்லாந்து சுயாட்சி நாடாயிற்று. அதற்கு முன்னரே உள்நாட்டுப் போரும் மூண்டிருந்தது. அப்போர் ஓய்ந்த 1923 ஆம் ஆண்டிலேயே, வேறு எத்தனையோ கவலைகள் நாட்டை அழுத்திய அவ்வேளையிலே, கொனமாரா மட்டக்குதிரை வளர்ப்போர் சங்கம் தொடங்கப்பட்டது. ஊர்ப் பாதிரியார் ஒருவரே முதல் தலைவரானார். உறுப்பினர் பெரும்பாலும் ஒன்றிரண்டு குதிரை வைத்திருந்த குடியானவர்கள். அவர்கள் செய்த முதல் வேலை, தேர்வாளரை அனுப்பி ஊர் ஊராகக் குதிரைகளைப் பார்வையிடச் செய்ததே. பழைய சாயல் மாறாத பெட்டைகளையும் பொலிக்குதிரைகளையும் மட்டும் தெரிந்து, எஞ்சியவற்றை விட்டனர். 1926 இல் ஏட்டின் முதற்பகுதி அச்சேறியது. முதல் எண்ணைப் பெற்ற பொலிக்குதிரை 1904 இல் பிறந்த கனன் போல் என்பது; உள்ளூர்ப் பந்தயங்களில் ஆண்டாண்டாக வென்று பெயர் பெற்றது.

சங்கத்தின் மற்றொரு வழக்கத்தைச் சிறப்பாகக் குறிப்பிட வேண்டும். வறிய குடியானவனால் நல்ல பொலிக்குதிரையைத் தனியாக வைத்துத் தீனியிட முடியாது. ஆதலால் சங்கமே பொலிக்குதிரைகளை வாங்கி, வெவ்வேறு ஊர்களிலுள்ள உறுப்பினரிடம் பராமரிக்கக் கொடுத்தது. அயலிலுள்ளோர் தம் பெட்டைகளை அங்கே கொண்டு சென்றனர். பொதுவுடைமையாகிய விலங்கு, தனியொருவன் தொழுவத்தில் நின்றது. இடையிலே சில காலம் வெளியினக் குதிரைகளும் சேர்க்கப்பட்டன. 1964 இல் ஏடு மூடப்பட்டது. மூடப்பட்டது என்றால், பெற்றோர் இருவரும் ஏட்டில் உள்ள குட்டிக்கே அதன்பின் இடமுண்டு என்பது பொருள். இங்கிலாந்திலே 1947 இலும் அமெரிக்காவிலே 1956 இலும் இவ்வினத்துக்கெனச் சங்கங்கள் தோன்றின. கடற்பாசி சுமந்த குதிரைக்குக் கடல்கடந்த வீடுகள் கிடைத்தன. ஒவ்வோர் ஆகஸ்டிலும் கிளிஃப்டன் என்னும் சிற்றூரிலே நடைபெறும் கண்காட்சிக்குப் பல நாட்டினரும் வருகின்றனர்.

சங்கம் என்பதெல்லாம் நன்மையே என்று கொள்ளுதலும் பொருந்தாது. ஷெட்லாந்துத் தீவுகளின் குள்ளக் குதிரைக்கு அமெரிக்காவிலே 1888 இல் சங்கம் தோன்றிற்று. தாய்நாட்டிலே சங்கம் எழுந்தது 1890 இல்தான். பெயர்ந்து சென்ற நாடு முந்திக்கொண்டது. ஆனால், அமெரிக்கர் தம் விருப்பத்துக்கேற்ப ஹாக்னி இரத்தத்தைக் கலந்து, காலுயர்த்தி நடக்கும் மெலிந்த காட்சிக்குதிரையாக அதனை மாற்றினர். 1950களில் அதற்கு வந்த மோகமும் விலையும் சொல்லி முடியா. 1960களில் விலை சரிந்ததும் அவ்வாறே. ஏடு இருந்தும், எதனைக் காக்கின்றோம் என்ற தெளிவு இல்லாவிடின் ஏட்டிலுள்ள பெயர் மட்டுமே பழையதாயிருக்கும்.

இனி ஒரு தடை எழலாம். கொனமாராக் குதிரை வீட்டுக் குதிரை. நெடுந்தீவுக் குதிரையோ கட்டற்றுத் திரிவது. திரியும் விலங்குக்கு ஏடு எவ்வாறு எழுதுவது என்பர். இதற்கு விடை தென் இங்கிலாந்திலே நியூ ஃபாரஸ்ட் என்னும் காட்டுவெளியில் இருக்கின்றது. அங்கே மட்டக்குதிரைகள் ஆண்டு முழுவதும் திறந்த வெளியிலே திரிகின்றன. எனினும், ஒவ்வொன்றும் ஒரு குடியானவனுக்கு உரியது. அவனுக்கு மேய்ச்சலுரிமை உண்டு. அதற்குக் கட்டணமும் உண்டு. இலையுதிர் காலத்தில் குதிரைகளைத் துரத்தி ஒன்று சேர்த்து, குறி பார்த்து, கட்டணம் செலுத்தியதற்கு அடையாளமாக வாலின் மயிரை ஒரு வகையாகக் கத்தரித்து விடுவர். எந்தக் காவலனின் பகுதியைச் சேர்ந்த குதிரை என்பதை வாலின் வெட்டு தெரிவிக்கும். 1910 ஆம் ஆண்டு முதல் அவற்றுக்கு ஏடும் உண்டு. சம்மாந்துறைப் பட்டிக்காரர் ஒருவரை அழைத்துச் சென்று காட்டினால், இதிலே புதுமை என்ன இருக்கின்றது என்றுதான் கேட்பார்.

அண்டை நாடாகிய இந்தியாவில், மணிப்பூரின் மட்டக்குதிரை எண்ணப்பட்டதனால் காக்கப்படும் நிலைக்கு வந்தது. உலகிற்குப் போலோ விளையாட்டைத் தந்த குதிரை அது. 2003 ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் 1,898 ஆக இருந்த தொகை, 2012 இல் 1,101 ஆகக் குறைந்தது. இலக்கம் கையிலிருந்ததனால் அரசு கண் விழித்தது. 2016 இல் அதனைப் பேணுதற்கென ஒரு கொள்கை வகுக்கப்பட்டது. கர்நாலிலுள்ள விலங்கு மரபியல் நிறுவனத்தின் பட்டியலிலே மணிப்புரி, ஸ்பிதி, சன்ஸ்காரி, பூட்டியா ஆகிய மலைநாட்டு மட்டக்குதிரைகள் தனித்தனி இனங்களாகப் பெயர் பெற்றிருக்கின்றன.

இலங்கை 1948 இல் விடுதலை பெற்றது. அப்பொழுது குதிரையை அறியாத நாடாக அது இருக்கவில்லை. கொழும்பிலும் நுவரெலியாவிலும் பந்தயத்திடல்கள் இருந்தன. அங்கே ஓடிய குதிரைகளின் தந்தை, தாய், பாட்டன், பாட்டி அனைவரையும் பந்தயப் பிரியர்கள் மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள். அவை இறக்குமதியான உயர்குலக் குதிரைகள். அக்குலத்தின் ஏடு இங்கிலாந்திலே 1791 இல் தொடங்கியது. வந்து சில காலம் ஓடிய குதிரைக்குப் பத்துத் தலைமுறை வரலாறு தெரிந்திருந்தது. மூன்று நூற்றாண்டாக நாட்டிலே பிறந்து வாழும் குதிரைக்குத் தாயின் பெயர்கூட எழுதப்படவில்லை. புதிய அரசைக் குறை கூறுவதும் முறையன்று. அதன் முன்னே மலேரியா இருந்தது. கல்லோயாவைப் போன்ற பெரிய நீர்ப்பாசனத் திட்டங்கள் இருந்தன. கட்டவேண்டிய பள்ளிக்கூடங்கள் இருந்தன. தலைநகரிலிருந்து கடல் கடந்து போகவேண்டிய தீவொன்றின் குட்டைக் குதிரைகள் யார் நினைவுக்கு வரும்? அயர்லாந்திலும் அரசு தானாக நினைத்துக்கொள்ளவில்லை. ஊரார் நினைவூட்டினர் என்பதை மட்டும் இங்கே குறிப்பிடுதல் போதும்.

பின்னர் வந்த நீண்ட போர்க்காலத்திலே நெடுந்தீவினரிற் பலர் தம் வீடுகளை விட்டுப் பெயர்ந்தனர். குதிரைகள் பெயரவில்லை. 2009 இல் போர் முடிந்தபின் உல்லாசப் பயணிகள் வரத்தொடங்கினர். இன்று நெடுந்தீவு என்றதும் பெருக்கமரத்துக்கும் கோட்டைக்கும் முன்னதாகக் குதிரையையே பலர் கூறுவர். 2015 ஆம் ஆண்டில் தீவின் தென்பகுதியில் 1,846 ஹெக்டேயர் தேசிய வனமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. தீவின் பரப்பிலே இது மூன்றிலொன்றுக்கும் மேற்பட்டதாகும். நிலத்துக்குக் காவல் கிடைத்தது என்ற வகையில் இது பெரிய முன்னேற்றமே.

ஆயினும், குதிரை இரண்டு வீட்டுக்கும் இடையிலே நிற்கும் விருந்தாளி போன்றது. அது மானைப் போலவும் சிறுத்தையைப் போலவும் இந்நாட்டுக் காட்டிலே தோன்றிய விலங்கன்று. ஆதலால் வனவிலங்கு என்று முற்றாகக் கொள்ள இயலாது. பால் தருவதோ ஏர் இழுப்பதோ இல்லை. ஆதலால் கால்நடைக் கணக்கிலும் அதற்கு மதிப்பில்லை. உடையவன் என்று ஒருவன் முன்வந்து வழக்காடவும் மாட்டான். கோடை வந்தால் இந்த நிலையின் பொருள் தெரியும். வைகாசி முதல் ஆவணி, புரட்டாதி வரை தீவிலே மழை அரிது. குளங்களும் குட்டைகளும் வற்றி, எஞ்சிய நீர் உவர்க்கும். அண்மைய ஆண்டுகளின் வறட்சியிலே குதிரைகள் நீரின்றி இறந்த செய்தி நாளிதழ்களில் வந்தது, படங்களும் வந்தன. அன்பர்கள் சிலர் தண்ணீர் கொண்டு சென்று தொட்டிகளில் ஊற்றினர். மழை பெய்ததும் செய்தி மறைந்தது.

தீவிலே வாழும் மக்களின் பக்கத்தையும் மறைத்தலாகாது. அவர்களுக்கே குடிநீர் அரிய பொருள். ஒரு குடம் நன்னீருக்காக நெடுந்தூரம் நடந்த தலைமுறைகள் அங்கே உண்டு. அவர்களுடைய மாடுகளும் ஆடுகளும் அதே புல்லைத்தான் மேய்கின்றன. அதே நீர்நிலையைத்தான் நாடுகின்றன. குதிரைக்குத் தொட்டி கட்டுங்கள் என்று வெளியூரார் கூறும்போது, எங்கள் மாட்டுக்கு என்ன செய்வது என்று தீவார் கேட்பது நியாயமே. குதிரையினால் தீவாருக்கு ஒரு பயன் விளையாதவரை இந்தக் கேள்விக்கு நேர்மையான விடையில்லை. கொனமாராவில் ஏடு குடியானவனுக்கு விலை பெற்றுத் தந்தது. பெயரும் வழியும் எழுதப்பட்ட குட்டி, பெயரில்லாக் குட்டியைவிடக் கூடிய விலைக்குப் போயிற்று. நெடுந்தீவிலே குதிரையை விற்பது தகாது எனின், சவாரிக்குப் பழக்குதல், வரும் பயணிகளுக்கு வழிகாட்டுதல், ஆராய்ச்சியாளருக்கு உதவுதல் என்று பிற வழிகள் இருக்கின்றன. அவ்வருவாய் தீவாரின் கையில் தங்குதல் வேண்டும்.

அழிவுக்கு வேறொரு வழியும் உண்டு. அது ஓசையின்றி வருவது. குதிரைகளின் தொகை 500 முதல் 1,000 வரை என்று பலவாறாக மதிப்பிடப்படுகின்றது. இத்தகைய மூடிய கூட்டத்திலே, வறட்சி ஒன்றினால் தொகை சட்டென்று குறைந்தால், எஞ்சியவை நெருங்கிய உறவுக்குள்ளேயே கலந்து வலிமை குன்றும். அதனைக் கண்ட நல்லெண்ணக்காரர் எவரேனும் வெளியிலிருந்து பெரிய பொலிக்குதிரைகளைக் கொண்டுவந்து விட்டால், கொனமாராவில் ஹாக்னி செய்ததே இங்கும் நிகழும். இரண்டு ஆபத்துக்கும் நடுவே எது சரியான அளவு என்பதைத் தீர்மானிக்க, எந்தக் குதிரை எந்தக் கூட்டத்தில் எந்தப் பெட்டைக்குப் பிறந்தது என்பது தெரிந்திருக்க வேண்டும். இரத்தத்தைச் சோதித்து உறவறியும் அறிவியல் இன்று வளர்ந்திருக்கின்றது. சோதனைக்கு முன்னரும், கண்ணாற் கண்டு எழுதிய குறிப்பு ஒன்று இருத்தல் அவசியம்.

அதனைத் தொடங்குதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. திறந்த வெளியிலே மேயும் குதிரைகள் கோடையின் உச்சத்தில் எஞ்சிய சில நீர்நிலைகளுக்கே வந்தாக வேண்டும். ஒவ்வொரு பொலிக்குதிரையும் தன் பெட்டைகளோடு கூட்டமாகவே வரும். நெடுந்தீவிலே பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. மேல்வகுப்பு மாணவர் இருக்கின்றனர். காலையிலும் மாலையிலும் ஒரு நீர்நிலையருகே இருவர் அமர்ந்து, வந்த கூட்டத்தில் எத்தனை தலை, எந்தப் பெட்டைக்கு நெற்றியிலே வெள்ளைச் சுட்டி, எதன் பின்னங்காலிலே வெண்மை, எந்தக் குட்டி எந்தப் பெட்டையின் மடியிலே பால் குடித்தது என்று எழுதிக்கொள்ளலாம். பொலிக்குதிரையைத் திட்டமாக அறிய முடியாவிட்டாலும், பால் குடிக்கும் குட்டியின் தாய் எது என்பதில் ஐயமிராது. தாய்வழியே எண்ணும் கணக்கு அங்கிருந்து தொடங்கும்.